பார்சல் பேப்பரில் வரைந்த பசி: யார் இந்த ஜைனுல் ஆபிதீன்?

ஓசூர், மத்திகிரி பக்கம் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு பிரவுன் பார்சல் பேப்பரைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டாம். பிரித்ததும் கசக்கி எறியும் சமாச்சாரம். அதே மாதிரி மலிவான தாளில் வரைந்த படங்கள்தான் 1943 வங்கப் பஞ்சத்தின் முகமாக இன்றுவரை நிற்கின்றன.

வரைந்த ஜைனுல் ஆபிதீன் 1914-ல், இன்றைய வங்கதேசத்தின் கிஷோர்கஞ்சில் பிறந்தவர். கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியரும் ஆனார். பிரம்மபுத்திரா ஆற்றை வாட்டர்கலரில் வரைந்துதான் 1938-ல் தங்கப் பதக்கம் வாங்கினார். அதுவரை அவருடையது அழகான, அமைதியான உலகம்.

அப்புறம் வந்தது பஞ்சம். போர்க்காலம், பர்மா அரிசி நின்றுபோனது, இருந்த அரிசியின் விலை எகிறியது, பிரிட்டிஷ் அரசு அசையவில்லை. செத்தவர்கள் 30 லட்சம் வரை என்கிறார்கள் ஆய்வாளர்கள். கிராமத்து ஜனங்கள் சோறு தேடி கல்கத்தா வந்து, நடைபாதையிலேயே விழுந்தார்கள். 28 வயது ஆபிதீன் தெருவில் இறங்கினார். கலரைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டார். கையில் கறுப்பு மை, பிரஷ், பார்சல் பேப்பர். அவ்வளவுதான்.

அந்தப் படங்களில் உணர்ச்சியை முகத்தில் தேடினால் பெரிதாகக் கிடைக்காது. உடம்பில் தேடணும். வளைந்த முதுகு, துருத்தும் விலா எலும்பு, குழந்தையைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லாத தாயின் கை. பக்கத்தில் காக்கா, நாய். பிரஷ் பல இடங்களில் காய்ந்துபோய்த் தாளைக் கீறுகிறது. அந்தக் கோடே பட்டினி கிடந்த மாதிரி இருக்கும். பின்னணி கிடையாது, தாளின் மங்கல் நிறம்தான் தெரு. இதையெல்லாம் குறியீடு என்று விளக்குபவர்கள் உண்டு. ஆனால் மலிவுத் தாள் அன்றைக்குக் கைக்கு எட்டியது என்பதையும் மறக்கக் கூடாது. தாள் ஏழ்மையாகத் தெரிவது, அது நிஜமாகவே ஏழைத் தாள் என்பதால்தான். இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது: இந்த வகைத் தாள் வருஷம் ஆக ஆகப் பழுப்பேறி நொறுங்கும்.

1944-ல் எலா சென் எழுதிய பஞ்சம் பற்றிய புத்தகத்தில் இவருடைய படங்கள் வந்தன. பிரிவினைக்குப் பின் டாக்காவுக்குப் போனவர், 1948-ல் அங்கே ஓவியக் கல்லூரி தொடங்கினார். 1970 நவம்பரில் புயல் கடற்கரையைச் சுருட்டியபோது அவருக்கு 55 வயது. மன்புரா தீவின் பிணக் குவியல்களை, சுமார் 30 அடி நீளச் சுருளில், மறுபடியும் கறுப்பு மையில் வரைந்தார். 1976-ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.