பெயர் நீங்கிய குரல்

அமெரிக்காவின் ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் இன்றும் ஒரு மணற்கடிகையின் காட்சியோடுதான் தொடங்குகிறது. உதிரும் மணலை மனிதரின் நாள்களோடு ஒப்பிடும் ஒரு வரியை நிதானமான ஆண்குரல் ஒன்று சொல்கிறது. அக்குரலுக்கு உரியவரான மெக்டொனால்டு கேரி மறைந்து 30 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

1913 மார்ச் 15 அன்று அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் பிறந்த கேரி, வானொலி நாடகங்களிலும் பிராட்வே மேடையிலும் பழகி ஹாலிவுட்டுக்குச் சென்றவர். 1943இல் வெளியான ஹிட்ச்காக்கின் ‘ஷேடோ ஆஃப் எ டவுட்’ படத்தில் துப்பறியும் அதிகாரியாக நடித்தார். இரண்டாம் உலகப் போரின்போது மரைன் படையில் பணியாற்றினார். திரும்பி வந்த பிறகு படங்கள் வரிசையாக அமைந்தன. முதல் வரிசை நட்சத்திரம் என்கிற இடம் மட்டும் அமையவில்லை. 1949இல் வந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’யில்கூட, நாயகனை அருகிருந்து கவனிக்கும் நிக் கேரவேயாகத்தான் அவர் வந்தார்.

1965 நவம்பர் 8 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் இந்தத் தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 52. திரையில் பெயர் பெற்ற ஒருவர் பகல்நேரத் தொடருக்கு வருவது அன்று இறக்கமாகவே பார்க்கப்பட்டது. சோப்பு நிறுவனங்களின் விளம்பரப் பணத்தில் வளர்ந்ததால் ‘சோப் ஒபேரா’ என்கிற ஏளனப் பெயர் வேறு. சேலம் என்னும் கற்பனை ஊரின் (நம் சேலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை) மருத்துவர் டாம் ஹார்ட்டன் ஆனார் கேரி. மனைவி ஆலிஸாக பிரான்சஸ் ரீட் நடித்தார்.

அந்த ஊரில் நடக்காததே இல்லை. நினைவு தப்பியவர்கள், உருமாறியவர்கள், செத்துப் பிழைத்தவர்கள் என்று கதை எங்கெங்கோ ஓடும். எவ்வளவு ஓடினாலும், கடைசியில் எல்லோரும் ஹார்ட்டன் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்வார்கள். அங்கே டாம் அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார். கேரியின் நடிப்பில் பெரும்பகுதி இப்படிக் கேட்டுக்கொண்டிருப்பதுதான். நிக் கேரவேயாக அவரை நட்சத்திரமாக்காத அதே குணம், வீட்டுத் திரையில் அவரைக் குடும்பத்துப் பெரியவர் ஆக்கியது. 1974, 1975 ஆகிய ஆண்டுகளில் பகல்நேர எம்மி விருதுகள் கிடைத்தன. நடிப்பு என்றால் வெடித்து அழுவது என்று நம்புகிறவர்களுக்கு இந்த விருதுகள் வியப்பளிக்கலாம்.

திரையில் அனைவருக்கும் ஆறுதல் சொன்ன அந்த மருத்துவர், நிஜத்தில் நெடுங்காலம் மதுப் பழக்கத்தோடு போராடினார். அவரது மணவாழ்வும் முறிந்தது. பின்னாளில் குடியிலிருந்து மீண்டார். கவிதைத் தொகுப்புகளும், 1991இல் ஒரு தன்வரலாறும் வெளியிட்டார்.

1994 மார்ச் 21 அன்று நுரையீரல் புற்றுநோயால், 81ஆம் வயதில் கேரி காலமானார். ‘இவருக்குப் பதில் இவர்’ என்கிற அறிவிப்பைப் பார்த்துப் பழகிய நமக்கு, அடுத்து நடந்தது சற்று விந்தையாகத் தெரியும். அந்த இடத்தில் வேறொருவரை அமர்த்தாமல், அதே ஆண்டு ஜூனில் டாம் ஹார்ட்டனையும் இறக்கச் செய்தார்கள். உறக்கத்திலேயே உயிர் பிரிந்ததாகக் கதை அமைந்தது. ரசிகர்கள் ஒரே மனிதரை மூன்று மாத இடைவெளியில் இருமுறை இழந்தார்கள். இல்லாத ஒரு மருத்துவருக்காக அழுவது பேதைமை என்று சிரித்துவிடலாம். ஆனால், வாரத்தில் ஐந்து நாள்கள் வீதம் 28 ஆண்டுகள் வீட்டுக்குள் வந்துபோனவர் அவர். அத்தனை நேரம் நம்மோடு செலவிட்ட பெரியப்பாவோ சித்தப்பாவோ எத்தனை பேருக்கு வாய்க்கிறார்கள்? தாயின் அருகில் அமர்ந்து பார்க்கத் தொடங்கிய பிள்ளைகள், 1994இல் தங்கள் பிள்ளைகளை அருகில் அமர்த்தி அந்த இறுதிச் சடங்கைப் பார்த்திருப்பார்கள். நடுத்தரமான படம் ஒன்றில் சிலநாள் நடித்தவருக்கும் விமர்சகர்கள் ஒதுக்கும் மதிப்பில் பாதியைக்கூட, இந்த 28 ஆண்டு உழைப்புக்கு அவர்கள் ஒதுக்கியதில்லை.

ஹார்ட்டன் வீட்டு கிறிஸ்துமஸ் மரத்தில் குடும்பத்தினர் ஒவ்வொருவர் பெயரும் எழுதிய கண்ணாடி உருண்டைகளைத் தொங்கவிடுவது வழக்கம். இறந்தவர்களின் உருண்டைகளும் அதில் இடம்பெறும். முகப்புக் குரலில் நடந்தது இதற்கு நேர்மாறு. உயிரோடிருந்தவரை, மணற்கடிகை வரிக்குப் பின் கேரி தம் பெயரையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்வார். அவர் மறைந்ததும், மரியாதை கருதி, பெயரை மட்டும் நீக்கிவிட்டுக் குரலை வைத்துக்கொண்டார்கள். 2022இல் தொடர் என்.பி.சி.யை விட்டு பீகாக் இணையத்தளத்துக்கு மாறியபோது, மணற்கடிகையோடு அந்தக் குரலும் உடன் சென்றது.