கலப்பை வார்த்த ஆசிரியர்

நம் கிணற்றுமேடுகளில் கிர்லோஸ்கர் என்றால் அது எஞ்சினின் பெயர். அப்பெயரைத் தந்த இலட்சுமணராவ் கிர்லோஸ்கர் ஓவிய மாணவராகத் தொடங்கியவர் என்பதை அறிந்தோர் சிலரே.

இன்றைய கருநாடகத்தின் பெல்காம் மாவட்டத்துக் குர்லஹோசூரில் 1869 ஜூன் 20இல் அவர் பிறந்தார். தந்தையார் வேதாந்தம் கற்றவர். மகனுக்கோ பொறிகளிலும் ஓவியத்திலுமே நாட்டம். தந்தையின் விருப்பத்திற்கு மாறாக, தமையனார் இராமு அண்ணாவின் துணையோடு 1885இல் பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்தார். ஈராண்டில், சில நிறங்களைப் பிரித்தறியத் தம் கண்களால் இயலாதெனக் கண்டுகொண்டார். தூரிகையை விடுத்துப் பொறி வரைபடம் பயின்று, விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகத்தில் அதனையே கற்பிக்கும் உதவி ஆசிரியரானார். அவருக்குரிய பதவி உயர்வு பின்னர் ஆங்கிலோ இந்தியர் ஒருவருக்குப் போயிற்று. நிறம் காண இயலாதவரை நிறம் கண்டு ஒதுக்கிய முரணை என்னென்பது! பணியை உதறிப் பெல்காம் திரும்பினார்.

அங்கு உடன்பிறந்தார் இருவரும் மிதிவண்டி விற்றனர், ஓட்டவும் கற்பித்தனர். சிறு பட்டறையில் தீவனம் நறுக்கும் பொறியைச் செய்தபின், இலட்சுமணராவ் இரும்புக் கலப்பையை வார்த்தார். இரும்பு பட்டால் மண் நஞ்சாகுமென உழவர் அஞ்சினர். முதற் கலப்பைகள் விலைபோக ஈராண்டு ஆயிற்று. அவ்வச்சத்தை மடமையென்று நாம் எளிதில் ஒதுக்கலாகாது. ஒரு போகம் பொய்த்தாலே கடனில் மூழ்குபவன் புதியதை ஐயுறுவது இயல்பே.

பட்டறை காலூன்றும் வேளையில், நகர விரிவாக்கத்திற்காக அவ்விடத்தைக் காலிசெய்யுமாறு பெல்காம் நகராட்சி பணித்தது. ஔந்து சமஸ்தானத்து அரசர், குண்டல் ரோடு புகைவண்டி நிலையத்தருகே நிலமும் பத்தாயிரம் ரூபாய்க் கடனும் தந்து உதவினார். கள்ளியும் நாகமும் நிறைந்த 32 ஏக்கர் தரிசு அது. 1910இல் 25 தொழிலாளர்கள் தத்தம் குடும்பங்களோடு அங்கே குடியேற, கிர்லோஸ்கர்வாடி எழுந்தது. அவ்வூரில் தீண்டாமைக்கு இடமில்லை என்பதை அவர் நெறியாக்கினார். சிறை மீண்டோரை இரவுக் காவலுக்கு அமர்த்தினார்; தம் உடைமையின் சாவியை அவர்களிடமே ஒப்படைத்ததற்கு ஒப்பான துணிவு அது. நம் போன்ற இலக்கிய அன்பர்க்கு இனிய செய்தி ஒன்றுண்டு. கலப்பை வார்த்த அவ்வூரிலிருந்தே 1920இல் 'கிர்லோஸ்கர்' என்னும் மராத்தி இதழும், 1930இல் பெண்களுக்கான 'ஸ்திரீ' இதழும் வெளிவந்தன. அக்குடும்பத்துச் சங்கரராவ் அவற்றின் ஆசிரியர்.

மகன் சாந்தனுராவின் தலைமையில் 1946இல் புணேயில் எண்ணெய் எஞ்சின் தொழிலகம் தோன்றியதைக் காணும்வரை இலட்சுமணராவ் வாழ்ந்தார். 1956 செப்டம்பர் 26இல் மறைந்தார்.