பாடமா? தொழிலா? பாரதியார் காட்டிய வழி



பத்தாவது முடிச்சதும் நம்ம எல்லார் வீட்டிலும் ஒரு பேச்சு வரும். பிளஸ் ஒன் சேர்க்கிறதா, ஐ.டி.ஐ.யில் போட்டு ஒரு கைத்தொழில் கத்துக்க வைக்கிறதா? படிச்சவங்களே வேலை இல்லாம இருக்காங்களே என்பார் மாமா. தொழிலுக்குப் போனா யார் மதிப்பா என்பார் சித்தப்பா. இதே கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்னாடியே யோசித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் வேற யாரும் இல்லை. நம்ம கருவடிக்குப்பம் குயில் தோப்பில் உட்கார்ந்து பாட்டு எழுதிய மகாகவி பாரதியார்தான்!

அப்பாவின் ஆசை

1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி எட்டயபுரத்தில் பிறந்தார். பெற்றோர் சின்னசாமி ஐயர், லட்சுமி அம்மாள். அம்மா இறந்தபோது அவருக்கு 5 வயது. அப்பாவுக்கு இயந்திரங்கள் மேல் ஆசை அதிகம். மகன் கணக்கிலும் ஆங்கிலத்திலும் கெட்டிக்காரனாகி பெரிய வேலைக்குப் போகணும் என்று நினைத்தார். மகனுக்கோ மனசெல்லாம் தமிழ்ப் பாட்டு. 11 வயதிலேயே பாரதி என்ற பட்டம் கிடைத்துவிட்டது!

ஆங்கிலப் படிப்புக்காக அவரைத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அப்பா எட்டயபுரத்தில் ஆரம்பித்த பஞ்சாலை நஷ்டத்தில் போனது. அந்தக் கவலையோடேயே 1898-ல் அவர் இறந்தார். அப்போது பாரதிக்கு 15 வயதுதான். அதற்கு முந்தின வருஷமே செல்லம்மாளோடு கல்யாணமும் ஆகியிருந்தது.

பிறகு காசிக்குப் போய் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். சமஸ்கிருதமும் இந்தியும் கற்று, நுழைவுத் தேர்விலும் தேறினார். 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் மூன்று மாதம் தமிழாசிரியர். அதே வருஷம் சென்னையில் சுதேசமித்திரன் பத்திரிகையில் சேர்ந்தார். பத்திரிகைத் தொழிலை எந்தப் பள்ளியிலும் அவர் படிக்கவில்லை. வேலை பார்த்துக்கொண்டே கற்றதுதான்.

புதுச்சேரியில் 10 வருஷம்

இந்தியா பத்திரிகையில் ஆங்கில ஆட்சியைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். கைது செய்யப்போகிறார்கள் என்று தெரிந்ததும் 1908-ல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட நம்ம புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பத்திரிகையை இங்கிருந்தே நடத்தினார். அது ஆங்கில இந்தியாவுக்குள் போகாமல் அரசாங்கம் தடுத்தது. 1910-ல் பத்திரிகையே நின்றுவிட்டது. இத்தனை மொழி தெரிந்தவர் வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டமாகிவிட்டது. குயில் பாட்டு, கண்ணன் பாட்டு, பாஞ்சாலி சபதம் எல்லாம் அந்த வறுமையில் பிறந்தவைதான்.

தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய கவிதையில் தான் படித்த பள்ளிப் படிப்பைப் பற்றி மனம் நொந்து சொல்கிறார். வருஷக்கணக்கில் கணக்குப் படித்தும் வானத்தில் ஒரு நட்சத்திரத்தை அடையாளம் காட்டத் தெரியாது. பொருளாதாரம் பேசுவார்கள், ஆனால் சொந்த நாட்டுச் செல்வம் எப்படிப் போகிறது என்று தெரியாது. அவர் கோபப்பட்டது படிப்பின் மேல் இல்லை, உபயோகப்படாத படிப்பின் மேல்தான்.

அவர் போட்ட பாடத்திட்டம்

தேசியக் கல்வி என்ற கட்டுரையில் ஆரம்பப் பள்ளிக்கு அவரே ஒரு திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். எழுத்து, படிப்பு, கணக்கு, சரித்திரம், பூகோளம், அரசியல், பொருள் நூல், விஞ்ஞானம் எல்லாம் அதில் உண்டு. எல்லாம் தாய்மொழியில்! அதோடு நெசவு முதலான கைத்தொழில், நன்செய் புன்செய் விவசாயம், தோட்ட வேலை, சிறு வியாபாரம். உடற்பயிற்சியும் உண்டு, வெளியூர்ப் பயணமும் உண்டு.

நண்பர்களே, இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, தொழில் எல்லா மாணவர்களுக்கும். நல்லா படிக்கிற பசங்களுக்குப் பாடம், மார்க் வாங்காத பசங்களுக்குத் தொழில் என்று அவர் பிரிக்கவே இல்லை. இரண்டு, தொழிலைச் சொல்லித்தர அனுபவமுள்ள தொழிலாளிகளையும் விவசாயிகளையும் வியாபாரிகளையுமே பள்ளிக்கு அழைக்கச் சொன்னார். ஆசிரியருக்குப் பெரிய பட்டம் வேண்டாம், மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தவறினவர் கிடைத்தால் இன்னும் நல்லது என்றும் எழுதினார்!

இது ஏன் முக்கியம்? பக்கத்துச் சென்னை மாகாணத்தில் 1953-ல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பா செய்யும் தொழில். முடி வெட்டுபவர் மகன் முடிதான் வெட்டணுமா என்று எதிர்ப்பு கிளம்பியது. குலக்கல்வி என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. 1954-ல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. பாரதியார் சொன்னதிலும் தொழில் இருக்கிறது. ஆனால் அது அப்பன் தொழில் இல்லை, எல்லாரும் கற்கிற தொழில். பெரிய வித்தியாசம் இது!

நமக்கு என்ன?

1918-ல் பாரதியார் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். கடலூர் அருகே கைதாகிச் சிறையில் இருந்து மீண்டார். 1921 செப்டம்பரில் சென்னையில் காலமானார். 39 வயதுகூட நிறையவில்லை.

அவர் காலத்தில் புதுச்சேரியில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டது நெசவு. 1898-ல் தொடங்கிய ரோடியர் மில் 2020-ல் மூடப்பட்டது. ஒரு மெஷினை மட்டுமே தெரிந்தவருக்கு அந்த மெஷின் நின்றால் அடுத்து என்ன என்று திகைப்புதான். புத்தகம் மட்டுமே தெரிந்த நமக்கோ வீட்டில் ஃபியூஸ் போனாலே திண்டாட்டம். அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறோம்.

ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். நம்ம ஊரில் தச்சர், எலக்ட்ரீஷியன், படகு இன்ஜின் மெக்கானிக், தையல்காரர், தோட்டக்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு பீரியட் அவர்களில் ஒருவரை வகுப்புக்கு அழைத்தால் என்ன? எல்லாரும் சேர்ந்தே கற்போம், முதல் ரேங்க் வாங்குபவரும் கடைசி பெஞ்சில் இருப்பவரும்!

— தமிழ் மன்றம், 9-ஆம் வகுப்பு