தீப்பெட்டியிலும் இடம்பிடித்த முகம்: கிராமபோனை வீட்டுக்குள் கொண்டு வந்த கௌஹர் ஜான்

சாவி கொடுத்து, ஊசி மாற்றி, கறுப்புத் தட்டைச் சுழலவிட்டுப் பாட்டுக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. தோட்டத்து லயத்திலோ பட்டணத்துக் கடையிலோ ஒரு கிராமபோன் பாடினால் போதும், சுற்றிலும் கூட்டம் கூடிவிடும். அந்தப் பெட்டி என்றதும் பலருக்கு நினைவில் வருவது குழாய் முன் அமர்ந்து கேட்கும் நாய்ப் படம்தான். ஆனால், இந்தியாவில் கிராமபோனுக்கு மதிப்புத் தேடித் தந்தது ஒரு பெண்ணின் பெயர். அவர்தான் கல்கத்தாவின் கௌஹர் ஜான்.

1873ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி, வட இந்தியாவின் ஆசம்கரில் அவர் பிறந்தபோது வைத்த பெயர் ஏஞ்சலினா யோவர்ட். தந்தை ஆர்மீனிய வம்சாவளிப் பொறியாளர். ஏஞ்சலினா சிறு பிள்ளையாக இருக்கும்போதே பெற்றோர் பிரிந்தனர். தாய் மகளுடன் காசிக்குச் சென்று இஸ்லாத்தைத் தழுவினார். தாய் மல்கா ஜான் ஆனார், மகள் கௌஹர் ஜான் ஆனார். தாய் பாடகியாகவும் கவிஞராகவும் பெயர் பெற்றார்.

1883இல் இருவரும் கல்கத்தாவில் குடியேறினர். நல்ல ஆசான்களிடம் இசை கற்ற கௌஹர், பிந்தாதீன் மகாராஜிடம் கதக் நடனமும் பயின்றார். 1887இல் தர்பங்கா சமஸ்தானத்தில் முதல் நிகழ்ச்சி. அதன் பிறகு அரசர்களும் ஜமீன்தார்களும் அவரைத் தேடி அழைத்தனர்.

இந்த நிலையில்தான் 1902இன் கடைசி மாதங்களில், லண்டன் கிராமபோன் நிறுவனத்தின் பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தா வந்து இறங்கினார். விற்பதற்கு அவரிடம் இயந்திரம் இருந்தது. அதில் ஒலிக்க இந்தியப் பாட்டு இல்லை. பெரிய வித்துவான்கள் பலர் தயங்கினர். குழாய்க்குள் பாடினால் குரல் போய்விடும் என்ற பயம் சிலருக்கு. காலமெல்லாம் கட்டிக்காத்த வித்தையைக் கண்டவர்களும் கேட்பதா என்ற எண்ணம் வேறு சிலருக்கு.

கௌஹர் ஜான் தயங்கவில்லை. நவம்பர் 11ஆம் தேதி, கல்கத்தா ஹோட்டல் ஒன்றில் அமைந்த தற்காலிகப் பதிவுக்கூடத்துக்கு நகைகள் மின்ன வந்தார். ஒலிவாங்கி இல்லாத காலம் அது. பெரிய குழாயின் வாய்க்கு நேராகத் தலையை அசைக்காமல் உரத்துப் பாட வேண்டும். பிழை நேர்ந்தால் அந்த மெழுகுத் தட்டு வீண்தான். மணிக்கணக்கில் விரித்துப் பாடும் ராகத்தைச் சுமார் 3 நிமிடத்துக்குள் அடக்கவும் வேண்டும். அந்தச் சுருக்கும் வித்தை கௌஹருக்குக் கைவந்தது.

ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தம் பெயர் கௌஹர் ஜான் என்று ஆங்கிலத்தில் அறிவிப்பார். அதற்குக் காரணம் உண்டு. பதிவான தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் ஆலைக்குப் போய்த்தான் பிரதியெடுக்கப்பட்டன. அங்குள்ள தொழிலாளர்களுக்கு எது யார் பாடியது என்று தெரிய வேண்டும் அல்லவா? தொழிற்சாலைக்காகச் சொன்ன அந்த ஒரு வரியே பிறகு அவருடைய முத்திரையாகிவிட்டது.

1903இல் அச்சாகித் திரும்பிய தட்டுகள் நன்கு விலைபோயின. அதே ஆண்டு கெய்ஸ்பர்க் சிங்கப்பூருக்கும் வந்து மலாய்ப் பாடல்களைப் பதிவு செய்தார். இந்தியாவிலோ கௌஹரின் படம் அஞ்சலட்டைகளில் விற்றது. ஆஸ்திரியாவில் செய்து இறக்குமதியான தீப்பெட்டிகளிலும் அவர் முகம் இருந்தது. சினிமா நட்சத்திரங்கள் தோன்றாத காலத்தில், அடுப்பங்கரை வரை வந்துவிட்ட முதல் பிரபலங்களில் அவரும் ஒருவர். மாளிகை வாசலைக்கூட மிதிக்க முடியாத சாதாரண மக்கள், மகாராஜாக்கள் கேட்ட அதே குரலைக் கேட்டார்கள்.

1910இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்திலும் அவர் பாடினார். அடுத்த ஆண்டு டெல்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தர்பாரில், அலகாபாத் ஜானகி பாயுடன் சேர்ந்து பாடும் பெருமையும் கிடைத்தது. பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் அவர் பாடிய இசைத்தட்டுகள் 600க்கு மேல் என்பர்.

புகழ் வளர்ந்த வேகத்தில் நிம்மதி வளரவில்லை. 1906இல் தாய் மறைந்தார். அந்த வீட்டிலேயே வளர்ந்த ஒருவர், தாமே மல்கா ஜானின் பிள்ளை என்று சொத்துக்கு வழக்குத் தொடுத்தார். தம் பிறப்பை நிரூபிக்க, சிறு வயதில் பிரிந்த தந்தையையே கௌஹர் தேடிப் போக நேர்ந்தது. பிறகு, நம்பிப் பழகிய செயலாளருடனும் சொத்துத் தகராறு நீதிமன்றம் ஏறியது. ஆடம்பரத்தில் போனது போக மிஞ்சியதை வழக்குகள் தின்றன.

கல்கத்தாவை விட்டுக் கிளம்பியவருக்கு மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடைக்கலம் தந்தார். 1928 ஆகஸ்டு மாதம் மாதம் 500 ரூபாய் சம்பளத்தில் அரண்மனை இசைக்கலைஞராக அமர்ந்தார். ஒரு காலத்தில் ஒரே பதிவுக்கு 3,000 ரூபாய் கேட்டதாகச் சொல்லப்படும் பாடகிக்கு அதுவே வாழ்வாதாரம் ஆனது. அந்த வாழ்வும் நீடிக்கவில்லை. 1930 ஜனவரி 17ஆம் தேதி, 56 வயதில் மைசூரில் காலமானார்.

2018இல் அவருடைய 145ஆவது பிறந்தநாளன்று கூகுள் தன் முகப்பில் அவர் உருவத்தை வரைந்து நினைவுகூர்ந்தது. வீடு போனது, நகை போனது, சொந்தம் என்று சொல்லிக்கொண்டவர்களும் போனார்கள். ஆனால் பழைய தட்டொன்று இன்றும் எங்கேனும் சுழன்றால், பாட்டு முடிந்ததும் கீறல் சத்தத்துக்கு நடுவே அவர் தம் பெயரைச் சொல்வது கேட்கிறது.