சட்டமும் கேட்டார், வீட்டுக் கதவையும் திறந்தார்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை அடிபடும் சத்தம் கேட்டால், அது அவர்கள் குடும்ப விஷயம் என்று கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் நம்மை விட்டு இன்னும் போகவில்லை. தோட்டத்து லயத்தில் இருந்தது. இன்று பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் அடுக்குமாடி வீடுகளிலும் இருக்கிறது. பெற்றவர்களுக்கு இல்லாத உரிமையா நமக்கு என்று ஒதுங்கிவிடுகிறோம். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பு சென்னை சட்டசபையில் இதே பேச்சை எதிர்கொண்டு நின்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கியவர் என்ற அளவில் பலருக்கு அவரைத் தெரியும். பிள்ளைகளுக்காக அவர் போட்ட சண்டை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த இசை வேளாளர் குடும்பத்துப் பெண். இந்தத் திருமணத்துக்காக ஐயரை அவருடைய உறவினர்கள் ஒதுக்கிவைத்தார்கள். அப்பா வழியில் உறவு அறுந்துபோனது. அம்மா வழியில் ஒரு பெண்பிள்ளைக்கு என்ன நேரும் என்பது சிறு வயதிலேயே தெரிந்த செய்தி. பின்னாளில் சட்டசபையில் எழுந்து பேசியபோது அவருக்கு விஷயம் அறிக்கைகளிலிருந்து மட்டும் வரவில்லை.

வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் போவது நின்றது. அப்பா வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். மெட்ரிகுலேஷன் தேறியபின், ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் தலையிட்டு இடம் கொடுக்கச் சொன்னார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் பட்டம், பிறகு எழும்பூர் பெண்கள், குழந்தைகள் அரசு மருத்துவமனையில் பணி. 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது திருமணத்துக்கு அவர் வைத்த நிபந்தனை. அதைச் சுந்தர ரெட்டி காப்பாற்றினார் என்பதற்கு அடுத்த அரை நூற்றாண்டே சாட்சி.

1926 கடைசியில் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு சபை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. நம் பாட்டன், பாட்டிகள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் புறப்பட்டு வந்த மாகாணமும் அதே மாகாணம்தான். இங்கே மலாயாவில் 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்று சொன்னது. சட்டம் சொன்னாலும் பிள்ளைகள் பலர் அம்மாவின் பின்னால் கூலி வேலைக்குத்தான் போனார்கள். ஏட்டில் இருக்கும் சட்டத்துக்கும் பிள்ளையின் அன்றாடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முத்துலட்சுமி மல்லுக்கட்டியதும் இந்தத் தூரத்தோடுதான்.

அன்றைய பொட்டுக்கட்டும் வழக்கத்தை இன்றைய கண்ணால் பார்த்தால் பெயர் உடனே தெரிந்துவிடும். பருவம் எய்தாத சிறுமியைக் கோவிலுக்கு அழைத்துப்போய், கடவுளுக்கு மனைவி என்று சொல்லிக் கழுத்தில் பொட்டுத் தாலி கட்டிவிடுவார்கள். அதன்பின் அவளுக்குத் திருமணம் கிடையாது. வளர்ந்ததும் ஊரில் பணமும் நிலமும் உள்ள யாராவது ஒருவரின் துணையாக வாழ வேண்டும். அவளிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் வயதில்லை. பெற்ற பெண் கிடைக்காத குடும்பங்கள் ஏழை வீட்டுக் குழந்தையைத் தத்தெடுத்தோ விலைக்கு வாங்கியோ பொட்டுக்கட்டியதும் உண்டு.

இதைத் தடுக்கச் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைத் தகாத தொழிலுக்காக ஒப்படைப்பதும் வாங்குவதும் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் குற்றம்தான். ஆனால் கோவிலில் பொட்டுக்கட்டும் சடங்கு அந்தக் கெட்ட நோக்கத்தோடுதான் நடந்தது என்று வழக்கு மன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அம்மா பக்தி என்பாள், பூசாரி சம்பிரதாயம் என்பார், வழக்கு அதோடு படுத்துவிடும். அதனால் முத்துலட்சுமி சடங்கையே தடை செய்யச் சொன்னார். 1927 நவம்பரில் அதற்கான தீர்மானத்தைச் சபையில் கொண்டுவந்தார். 1929-ல் இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. கோவில் ஊழியம் செய்தால்தான் மானிய நிலம் என்ற கட்டு அதில் அறுந்தது. ஊழியத்தை விட்டாலும் நிலம் அந்தப் பெண்களுக்கே சொந்தம் என்றானது. அவர் செய்தவற்றில் மிகவும் கெட்டிக்காரத்தனமான வேலை இது என்பது என் எண்ணம். மகளைப் பொட்டுக்கட்டினால்தான் குடும்பத்துக்குச் சோறு என்ற நிலை மாறாமல் எந்த அம்மாவும் மனம் மாறப்போவதில்லை.

எதிர்ப்பும் சின்னதில்லை. காங்கிரசின் பெரிய பேச்சாளர் சத்தியமூர்த்தி மதத்தின் பெயராலும் கலையின் பெயராலும் எதிர்த்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரும் கலைஞர்களும் தங்கள் மரபின் மானத்தைக் காக்க எதிர்க் குரல் கொடுத்தார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயம் இருந்தது. பரத்தையர் என்று ஒரே சொல்லில் அடைபட்டுப்போனதில் அந்தப் பெண்களின் இசைக்கும் நாட்டியத்துக்கும் உரிய மதிப்பு கிடைக்காமல் போனது உண்மை. ஆனால் எட்டு வயதுச் சிறுமியின் கழுத்தில் கட்டும் தாலிக்கு அது பதிலாகாது. பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் துணை நின்றார்கள். அதே குலத்தில் பிறந்து அதிலிருந்து வெளியேறிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்தார்.

1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி சட்டசபைப் பதவியை ராஜினாமா செய்தார். பொட்டுக்கட்டுத் தடை மசோதா முடிவு காணாமல் நின்றது. ஆனால் அவர் பேசிய பேச்சு ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பொட்டுக்கட்ட மறுத்து வீட்டை விட்டு வந்த சில இளம்பெண்கள் அவரைத் தேடிச் சென்னைக்கே வந்தார்கள். இருந்த விடுதிகளில் இடம் கேட்டுப் பார்த்தார். குலத்தைக் கேட்டதும் கதவு மூடிக்கொண்டது. கடைசியில் தம் வீட்டிலேயே அவர்களைத் தங்கவைத்தார். ஔவை இல்லம் அப்படித்தான் தொடங்கியது.

இந்த இடத்தில்தான் அவர் மற்ற சீர்திருத்தவாதிகளிடமிருந்து தனித்துத் தெரிகிறார். பிள்ளையை அந்த வீட்டிலிருந்து வெளியே வா என்று சொல்வது எளிது. வந்த பிள்ளை அன்றிரவு எங்கே படுக்கும், நாளை காலை எந்தப் பள்ளிக்கூடம் போகும், பத்து வருடம் கழித்து எதைக்கொண்டு பிழைக்கும் என்று யோசிப்பவர்கள் குறைவு. ஔவை இல்லம் அடையாற்றில் சொந்த இடத்துக்கு மாறியபோது அனாதைப் பிள்ளைகளும் கைவிடப்பட்ட பிள்ளைகளும் சாதி கேட்காமல் சேர்க்கப்பட்டார்கள். பள்ளிக்கூடம் வந்தது, ஆசிரியப் பயிற்சியும் தொழில் பயிற்சியும் வந்தன. கோவிலுக்கு நேர்ந்துவிட இருந்த பெண்கள் ஆசிரியைகளாகவும் நர்சுகளாகவும் வெளியே போனார்கள்.

நம் நாட்டுச் சட்டத்தைப் புரட்டினால் இதே இரண்டு பாதியும் தெரியும். 1991 சிறார் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு முந்தைய வேறு இரண்டு சட்டங்களும் ஒன்றாக்கப்பட்டு 2001 சிறார் சட்டம் ஆனது. அதன்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை துன்புறுத்தப்பட்டாலோ, கவனிப்பாரின்றி விடப்பட்டாலோ, சமூகநல இலாகாவின் பாதுகாவல் அதிகாரி பிள்ளையைத் தற்காலிகமாகத் தம் பொறுப்பில் எடுக்கலாம். 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். பிள்ளையின் உடம்பில் சந்தேகமான காயத்தைக் காணும் மருத்துவர், விஷயம் தெரிந்த குடும்ப உறுப்பினர், பராமரிப்பாளர் ஆகியோர் தகவல் கொடுத்தே ஆக வேண்டும், மறைத்தால் குற்றம். அக்கம்பக்கத்தார் உட்பட யாரும் 15999 என்ற தாலியான் காசே எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம். இது சட்டத்தின் பாதி. மறுபாதி, நீதிமன்றம் பாதுகாப்பான இடம் என்று சொல்லும்போது அப்படி ஓர் இடம் உண்மையிலேயே இருப்பது. போருக்குப் பின் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக சுவாமி சத்தியானந்தா தொடங்கி, அன்னை மங்களம் கடைசிவரை கட்டிக்காத்த பூச்சோங் சாலை சுத்த சமாஜம் நம் கண்ணெதிரில் இருக்கும் உதாரணம். அன்னை மங்களம் 2023-ல் மறைந்தார்.

முத்துலட்சுமி கேட்ட சட்டத்துக்கு வருவோம். அவர் பதவி விலகி 17 ஆண்டுகள் கழித்து, 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவது முழுமையாகத் தடை செய்யப்பட்டது. அந்த 17 ஆண்டுகளும் இல்லம் நடந்துகொண்டே இருந்தது. சட்டம் வரும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாதே.

தங்கை புற்றுநோயில் இறந்த துயரம் அவர் மனத்தில் கிடந்தது. 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறந்தார். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதில் சேர்ந்து உழைத்தார். 1956-ல் இந்திய அரசு பத்மபூஷண் விருது கொடுத்தது. ஏழைக் கர்ப்பிணிகளுக்கான தமிழக அரசின் உதவித் திட்டம் இன்று அவர் பெயரில் நடக்கிறது.

1968 ஜூலை 22 அன்று, 82 வயது நிறைவதற்கு எட்டு நாள் இருக்கும்போது காலமானார். ஔவை இல்லத்துப் பெண்பிள்ளைகளின் பள்ளி அடையாற்றில் தொடர்ந்து நடந்து வருகிறது.