ஆயுள் தடை ஆயுளோடு முடியுமா? ஹால் ஆஃப் ஃபேம் வாசலில் 'ஷூலெஸ்' ஜோ ஜாக்சன்

இறந்துபோன ஒருவருக்குத் தடை போட்டு என்ன பயன்? 2025 மே மாதம் அமெரிக்க பேஸ்பால் நிர்வாகம் இதற்கு விடை சொல்லிவிட்டது: நிரந்தரத் தடை மரணத்தோடு முடிகிறது. இதனால் 1921-ல் தடை செய்யப்பட்ட ஜோ ஜாக்சனுக்கு ஹால் ஆஃப் ஃபேம் கதவு லேசாகத் திறந்திருக்கிறது.

யார் இவர்?

1887-ல் தெற்கு கரோலினாவில் பிறந்தவர். ஸ்கூல் போக வேண்டிய வயதில் பஞ்சாலை வேலைக்குப் போனார். எழுதப் படிக்கத் தெரியாது. புது ஷூ காலைக் கடித்ததால் ஒரு மேட்ச்சில் வெறும் சாக்ஸோடு ஆடினாராம். 'ஷூலெஸ்' பட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஆட்டம் மட்டும் வேற லெவல். பேஸ்பாலில் 10 முறைக்கு 3 முறை ஹிட் அடித்தாலே கெட்டிக்கார பேட்டர். 1911-ல் கிளீவ்லாந்து அணிக்காக ஜாக்சன் எடுத்த சராசரி 0.408, அதாவது 10-க்கு 4. மொத்த கரியர் சராசரி 0.356.

1919-ல் என்ன ஆச்சு?

அந்த வருட வேர்ல்டு சீரிஸில் சிகாகோ வைட் சாக்ஸ், சின்சினாட்டி ரெட்ஸிடம் 5-3 எனத் தோற்றது. சூதாட்டக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு தோற்றதாக 8 சிகாகோ வீரர்கள் சிக்கினார்கள். ஜாக்சனுக்குப் பேசிய தொகை 20,000 டாலர்; கைக்கு வந்தது 5,000. அவருடைய ஒரு வருடச் சம்பளமே 6,000 டாலர்தான்!

1921-ல் நீதிமன்றம் விசாரணைக்கு வந்த வீரர்களை விடுவித்தது. ஆனால் மறுநாளே கமிஷனர் லாண்டிஸ் எட்டுப் பேருக்கும் வாழ்நாள் தடை போட்டார்.

நிஜமாவே தோற்க ஆடினாரா?

ஆதரவாளர்கள் காட்டுவது ஸ்கோர் கார்டை. அந்தத் தொடரில் 12 ஹிட், சராசரி 0.375, தொடரின் ஒரே ஹோம் ரன்னும் இவருடையதுதான். தோற்க நினைப்பவர் இப்படியா ஆடுவார்?

எதிர்த்தரப்பும் அதே கார்டைத்தான் காட்டுகிறது. அவரது பேட்டிங்கால் அணிக்குக் கிடைத்த 6 ரன்களும் கடைசி 3 மேட்ச்சில் வந்தவை. முதல் 5 மேட்ச்சில் பூஜ்யம்.

ஆக, எண்களை வைத்து இந்த வழக்கை முடிக்க முடியாது. சந்தேகமே இல்லாத விஷயம் ஒன்று உண்டு: காசு வாங்கியதை 1920-ல் கிராண்ட் ஜூரி முன் அவரே ஒப்புக்கொண்டார். நன்றாக ஆடியிருந்தாலும், சதி தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது தப்புதான்.

இனி என்ன?

தடைக்குப் பின் டிரை கிளீனிங் கடை, மதுக்கடை என்று பிழைப்பு ஓடியது. 1951-ல் மாரடைப்பில் இறந்தார். 2027 டிசம்பரில் 16 பேர் குழு அந்தக் காலத்து வீரர்களைப் பரிசீலிக்கிறது. ஜாக்சன் பட்டியலில் இடம்பிடித்தால், 12 ஓட்டு தேவை.

30 வருடம் தண்டனை அனுபவித்தே இறந்தவர் அவர். தண்டனை முடிந்துவிட்டது என்பது சரி. அதற்காக மரியாதையும் தானாக வந்துவிடுமா? குழு முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்.