பதுளையிலிருந்து பார்க்கும் தந்தை செல்வா

தந்தை செல்வா என்றதும் பதுளையில் வளர்ந்த எமக்குக் காங்கேசன்துறையும் வட்டுக்கோட்டையுமே நினைவில் வரும். நமுனுகுல மலையடிவாரத்து லயங்களுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று எம் தங்கைமார் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. அவர் தனிவழி சென்றதே எம் தோட்டத்து மக்களின் பொருட்டுத்தான்.

சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் 1898 மார்ச் 31ஆம் திகதி மலாயாவின் ஈப்போவில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயாருடன் தெல்லிப்பழைக்கு வந்தார். சில காலம் ஆசிரியராக இருந்து, பின் கொழும்பில் சிவில் வழக்குகளில் பெயர்பெற்ற சட்டத்தரணியானார். 1947இல் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றம் சென்றபோது அவருக்கு வயது 49.

அதே பாராளுமன்றத்தில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் வென்ற இலங்கை இந்தியன் காங்கிரஸ் உறுப்பினர் 7 பேர் இருந்தனர். பதுளையிலிருந்து சென்றவர் எஸ். எம். சுப்பையா. ஓராண்டு கழியுமுன்னே 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. மறுவருடம் வாக்குரிமையும் போயிற்று. ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1952இல் தோட்டங்களிலிருந்து எவரும் தெரிவாகவில்லை. எம்மிடம் சிகிச்சைக்கு வரும் முதிய தாய்மார் சிலர், பின்னாளில் கிடைத்த பிரஜாவுரிமைச் சான்றிதழை இன்றும் கிளினிக் கொப்பியோடு சேர்த்தே கொண்டுவருகிறார்கள்.

பொன்னம்பலம் அந்த அரசாங்கத்திலேயே அமைச்சரானார். செல்வநாயகம் மறுத்தார். இன்று மலையகத் தமிழருக்கு நேர்வது நாளை மொழியின் பேரால் ஏனையோருக்கும் நேரும் என்பது அவரது கணிப்பு. கு. வன்னியசிங்கம், இ. மு. வி. நாகநாதன் ஆகியோருடன் பிரிந்து 1949 டிசெம்பர் 18ஆம் திகதி தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். நாட்டைப் பிரிக்காமல் சமஷ்டியாக இணைத்து வைப்பதே அதன் நோக்கம். 1952இல் அவரே தோற்றுப்போனார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின் அவரது கணிப்பை மறுக்க ஆளில்லை.

வைத்தியர்களான எமக்கு அவரிடம் வியப்பான ஒன்று உண்டு. பார்க்கின்சன் நோயும் செவிக் குறைபாடும் உடையவர் அவர். குரல் மிகவும் தாழ்ந்தது. அப்படி ஒருவர் பேச, ஆயிரக்கணக்கானோர் காத்திருந்து கேட்டனர்.

1957 ஜூலை 26இல் பண்டாரநாயக்கவுடன் செய்த ஒப்பந்தம் மறுவருடமே கிழிக்கப்பட்டது. 1965இல் டட்லி சேனாநாயக்கவுடன் செய்ததும் நிறைவேறவில்லை. முதல் ஒப்பந்தத்தில் பிரஜாவுரிமை பற்றி இருந்ததோ, விரைவில் கவனிப்பதாக ஒரு வாக்கு மாத்திரமே. பிராந்திய சபைகள் முன்னே போக, நாம் பின்னே நின்றோம் என்பதே எம் எண்ணம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை அவர் எதிர்த்தார். ஆனாலும் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவாயிற்று. பதுளைப் புகையிரத நிலையத்தில் எத்தனை குடும்பங்கள் அழுது பிரிந்தன என்பதை எம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1972இல் செல்வநாயகம், பொன்னம்பலம், சௌமியமூர்த்தி தொண்டமான் மூவரும் தமிழர் கூட்டணியில் ஒன்றுசேர்ந்தனர். 1976 மே 14இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. தொண்டமான் அதில் சேரவில்லை. அவர் செய்தது சரியே. வடக்கு கிழக்கு தனியே போனால் பசறையிலும் அப்புத்தளையிலும் கொழுந்து பறிப்பவர் எங்கே போவது? 27 ஆண்டுகள் சமஷ்டி கேட்டுக் களைத்த முதியவரின் மனநிலை புரிகிறது. ஆனால் எமக்காகக் கட்சியை உடைத்தவரின் இறுதித் தீர்மானத்தில் எமக்கு இடமிருக்கவில்லை.

1977 பெப்ரவரியில் பொன்னம்பலமும் ஏப்ரல் 26இல் செல்வநாயகமும் மறைந்தனர். அவ்வாண்டு ஜூலைத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து தொண்டமான் தெரிவானார். 1947க்குப் பின் தோட்ட மக்களின் வாக்கில் அவர்களில் ஒருவர் பாராளுமன்றம் போனது அப்போதுதான்.